யூதாசுக்கு ஆள் கிடைக்காத ஊர்

1

இந்தத் தவக்காலத்திலும் அந்த ஈமெயில் வந்துவிட்டது. நெற்றியில் பூசிய சாம்பல் உதிர்வதற்குள் அனுப்பிவிட்டார்கள். சிவப்பிலும் நீலத்திலும் மாறி மாறி எழுத்துகள், ஓரத்தில் ஆடுகிற ஒரு மெழுகுவர்த்தி, கடைசியில் இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் வீட்டில் என்னென்ன கெடுதல் நடக்கும் என்கிற மிரட்டல்.

கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஊரில் எந்தத் தியானப் பிரசங்கத்துக்குப் போனாலும் காதில் விழுகிற கதைதான். கடைசி இராவுணவுப் படத்தை வரைந்த இத்தாலிய ஓவியர் இயேசுவுக்கு முகம் தேடி அலைந்தாராம். கோயில் பாடகர் குழுவில் பால்வடியும் முகத்தோடு ஓர் இளைஞன் கிடைத்தானாம். பல வருஷம் கழித்து யூதாசுக்கு முகம் தேடிச் சிறைக்குள் போனாராம். குடித்துச் சீரழிந்த ஒருவனைப் பிடித்து உட்கார வைத்தாராம். அவன் விம்மி விம்மி அழுதானாம். ‘என்னைத் தெரியவில்லையா? இயேசுவுக்கும் நான்தானே உட்கார்ந்தேன்’ என்றானாம்.

எல்லாம் ‘ஆம்’தான். மொத்தப் படத்தையும் அவர் மூன்று நான்கு வருஷத்தில் முடித்துவிட்டார். அதற்குள் ஒருவன் முகம் அடையாளம் தெரியாமல் போகுமா என்று கேட்பீர்கள். நாங்கள் பிழைக்கிற இந்த வளைகுடா ஊர் புஜைராவில் சாரத்தில் ஏறினால் ஒரு வெயில்காலம் போதும், போகும். ஆனால் அவர் வரைந்தது மிலான் நகரத்தில், ஒரு மடத்தின் சாப்பாட்டுக்கூடச் சுவரில். அங்கே அத்தனை வெயில் இல்லை.

இதைவிட நல்ல கதை ஒன்று உண்டு. வேலை இழுத்துக்கொண்டே போகிறதென்று அந்த மடத்து அதிபர் கோமகனிடம் போய்ப் புகார் சொன்னார். ஓவியர் அமைதியாக, யூதாசுக்கு இன்னும் முகம் அகப்படவில்லை, ரொம்ப அவசரமென்றால் அதிபரின் முகத்தையே வைத்துவிடுகிறேன் என்றாராம். இதுவும் பழைய ஆட்கள் சொன்ன கதைதான், உண்மையென்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இதை யாரும் பத்துப் பேருக்கு அனுப்புவதில்லை. ஈமெயில் அனுப்புகிறவர்கள் எல்லாம் அதிபர்களாக இருக்கிறார்கள்.

எனக்கு அனுப்பியவர் ஞானராஜ் சார். எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் குழுவின் தலைவர். எண்ணெய்த் தொட்டிகளுக்குச் சாரம் கட்டுகிற ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் அட்மின் மேனேஜர். போன வருஷம் நடந்ததற்குப் பிறகும் இந்தக் கதையை அனுப்ப அவருக்கு மனசு வந்ததே என்று நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

2

என் பெயர் ரோஸி. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக்காரி. இங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸ். என் வீட்டுக்காரர் அருளப்பன் எண்ணெய்த் தொட்டிப் பண்ணையில் டெக்னீஷியன். ஒரே மகள் ஜெனி, எட்டாம் வகுப்பு. எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. உண்மையான ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் யாருக்காவது ஊசி போட்டுக்கொண்டிருப்பேன். முதலில் குற்ற உணர்ச்சியாக இருந்தது. பிறகு ஆண்டவரும் லேபர் லா பார்த்துத்தான் நடக்க வேண்டும் என்று பழகிவிட்டது.

குழுவில் முப்பது குடும்பங்களுக்கு மேல் உண்டு. எல்லா வீட்டிலும் சாப்பாட்டு மேசைக்கு மேலே அந்தப் படம் தொங்கும். சீனாவில் செய்தது. சிலதில் உள்ளே பல்பு எரியும். சிலதில் இயேசுவின் தலைக்கு மேலே கடிகாரம் ஓடும். அதன் கீழே உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டபடி, யாருடைய விசா ஏன் புதுப்பிக்கப்படவில்லை என்று பேசுவோம்.

போன வருஷம் குழுவின் ஆண்டுவிழாவும் தவக்காலமும் ஒன்றாக வந்தன. ஞானராஜ் சாருக்கு ஒரு யோசனை உதித்தது. அந்தப் படத்தையே உயிரோடு மேடையில் நிறுத்துவது. நாடகம் அல்ல. நாடகம் என்றால் வசனம் பேச வேண்டும். பிள்ளைகளுக்குத் தமிழ் இல்லை, பெரியவர்களுக்கு நேரம் இல்லை. பதின்மூன்று பேர் படத்தில் உள்ளபடியே உட்கார்ந்து ஒரு பாட்டு முடியும்வரை அசையாமல் இருப்பார்கள். பாட்டு முடிந்ததும், உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு மைக்கில் சொல்வார். திரை விழும். தவக்கால வெள்ளி என்பதால் பிரியாணி கிடையாது, சப்பாத்தி குருமா.

எல்லாம் கோயில் சுற்றுச்சுவருக்குள்தான் நடக்க வேண்டும். வெளியே சத்தம் கேட்கக்கூடாது. உள்ளே வருகிற ஒவ்வொருவரின் வேலை அனுமதி அட்டை, அதாவது லேபர் கார்டு, அதன் நகலும் கோயில் ஆபீசுக்குப் போக வேண்டும். அப்போஸ்தலர்களுக்கும் லேபர் கார்டு வேண்டும் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இயேசு யார் என்பதில் வாக்குவாதமே இல்லை. பின்னால் தொங்குகிற பிளெக்ஸுக்குக் காசு கொடுத்தவர் இயேசு. ஞானராஜ் சாருக்கு முறுக்கு மீசையும் உண்டு, தொப்பையும் உண்டு. மீசையை எடுக்க மாட்டேன் என்றார். தொப்பையை மேசை மறைத்துக்கொள்ளும் என்று செயலாளர் வழி சொன்னார். சூப்பர்வைசர்கள், அக்கவுண்டன்டுகள், ஒரு டிராஃப்ட்ஸ்மேன் என்று சீடர்கள் வரிசையாகக் கைதூக்கினார்கள். அருளப்பனுக்குத் தோமையார். படத்தில் இயேசுவின் தோள் பக்கம் ஒற்றை விரலை உயர்த்திக்கொண்டு நிற்கிறாரே, அவர்.

யூதாசுக்கு மட்டும் ஆள் இல்லை. ஒருவருக்கு விசா ரினியூவல் வருகிறது. ஒருவர் மகளுக்கு வரன் பார்க்கிறார். இன்னொருவர் மனைவி முழுகாமல் இருக்கிறாள். எங்கள் ஊரில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் போட்டால் யூதாஸ் வேடத்துக்குத்தான் அடிபிடி நடக்கும். நல்ல வசனம் எல்லாம் அவனுக்குத்தான். தூக்கில் தொங்குகிற காட்சியில் கைதட்டல் கடல்வரை கேட்கும். மறுநாள் அதே மனுஷன் வலை இழுக்கப் போவார், ஒருவரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அந்த ஊர்களிலிருந்து விமானம் ஏறி வந்தவர்கள்தான் இங்கே வேடத்தைக் கண்டு நடுங்கினார்கள்.

கடைசியில் ஞானராஜ் சாரே தீர்ப்புச் சொன்னார். “நம்ம ஆளுவ ஒருத்தரும் வேண்டாம். லேபர் கேம்புல இந்துப் பையன் யாரையாவது கூப்பிடுவோம். அவங்களுக்கு இதுல தோஷம் ஒண்ணும் இல்லியே.”

எல்லோர் முகத்திலும் நிம்மதி. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“கத்தோலிக்கருக்கு ஏது சார் தோஷம்?”

“சிஸ்டர், நீங்க காஸ்ட்யூம் மட்டும் பாத்துக்கிடுங்க” என்றார்.

3

அருளப்பன் சொன்ன பெயர் செல்வராசு. அரியலூர்ப் பக்கத்து ஆள், வயது முப்பத்து மூன்று, ஞானராஜ் சாரின் கம்பெனியில் சாரம் கட்டுகிறான். சில வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். மகா புத்தன் என்று நினைத்துவிடாதீர்கள். வாய் ஓயாது. வந்ததும் வராததுமாக ரிமோட்டை எடுத்துக்கொள்வான். குழம்பில் புளி கம்மி என்பான், மூன்றாம் தடவை ஊற்றிக்கொண்டே.

அவனுக்கு ஒரு கல்யாணம் பாக்கி இருந்தது. பெண் பெயர் தமிழரசி. நிச்சயம் செய்து, ஆவணியில் முகூர்த்தம் வைத்தார்கள். ஷட்டவுன் என்று கம்பெனி லீவை ரத்து செய்தது. தையில் வைத்தார்கள். ஏதோ இன்ஸ்பெக்‌ஷன் என்று மறுபடியும் ரத்து. இரண்டு தடவை பத்திரிகை அடித்து, இரண்டு தடவை வீடு வீடாகப் போய், கல்யாணம் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது வைகாசியில் மூன்றாவது முகூர்த்தம். பெண்ணின் அப்பா போனில் கத்தவில்லை. நிதானமாகச் சொன்னாராம், மாப்பிள்ளை வந்தால் மாப்பிள்ளை, வராவிட்டால் அதே மணையில் அவள் மாமன் மகன் உட்காருவான், பந்தலைப் பிரிக்க மாட்டோம் என்று.

பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருந்தது. இங்கே எல்லோருடையதும் அப்படித்தான். சட்டப்படி வாங்கி வைக்கக்கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுடைய பாஸ்போர்ட்டும் ஏதோ ஓர் அலமாரியில்தான் தூங்கும். லீவுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அலமாரிச் சாவி வைத்திருந்தவரும் ஒருவரே. ஞானராஜ் சார்.

“நேருல கேட்டியாடா?” என்று கேட்டேன்.

“எங்கக்கா கேக்குறது? ஆபீசுக்குப் போனா ‘பொறவு வா’ம்பாரு. சைட்டுக்கு வந்தா வண்டிக் கண்ணாடி ஏறிடும். ஒரு நாளு பாத்ரூம் வாசல்லகூட நின்னு பாத்துட்டேன். அந்தப் பக்கமா ஒரு கதவு இருக்குதுக்கா அந்த பாத்ரூமுக்கு.”

யூதாஸ் விஷயத்தைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அது துரோகியின் வேடம், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, உனக்கு விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“என்னக்கா எல்லாரும் ஒரு பக்கமாவே ஒக்காந்திருக்காங்க? கல்யாணப் பந்தி மாரியில்ல இருக்கு.”

“நம்ம பாக்கணும்லா, அதுக்கு.”

“நான் யாரு?”

காட்டினேன். கையில் பண முடிச்சோடு, முழங்கையை மேசையில் ஊன்றி, முகத்தை இயேசுவின் பக்கம் திருப்பியிருக்கிற ஆள்.

“சாரு?”

“நடுவுல. உனக்கும் அவருக்கும் எடையில யோவான் உண்டு. ஆனா அவரு அந்தாலே சாஞ்சிருப்பாரு. பாரு, உன் கையும் அவரு கையும் ஒரே தட்டுக்குப் போகுது.”

செல்வராசு படத்தின் அருகே போய் அந்த இரண்டு கைகளையும் பார்த்தான். “வாரேங்க்கா” என்றான்.

4

உடைகளின் நிறம் பார்ப்பதற்காக ஜெனியும் நானும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். நான் ஊரில் இருந்தவரை அது ஒரு சாமி படம். ஒருவர் உட்கார்ந்து வரைந்தது, ஒரு சுவரில் வரைந்தது என்றெல்லாம் யோசித்ததே இல்லை. ஜெனிதான் வாசித்து வாசித்துச் சொன்னாள். அவள் தமிழ் இப்போது பேச்சோடு சரி. ஆண்டுவிழாவில் தமிழ் முன்னுரை அவள் வாசிக்க வேண்டும், அதை நான் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். இந்த வெட்கத்தை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

“அம்மா, ஹி வாஸ் ஸோ ஸ்டுப்பிட்” என்றாள், ஓவியரைப் பற்றி. ஈரச் சுண்ணாம்பின் மேல் வரைந்தால் நிறம் சுவரோடு சேர்ந்துவிடுமாம். ஆனால் காய்வதற்குள் வேகமாக முடிக்க வேண்டும். இவருக்கு நின்று நிதானித்து, திருத்தித் திருத்தி வரைய வேண்டும். ஆகவே காய்ந்த சுவரிலேயே வண்ணத்தைப் பூசிவிட்டார். அவர் கண்முன்னாலேயே உரியத் தொடங்கிவிட்டது. குழுவில் இதைச் சொல்லியிருந்தால் உடனே யாராவது எழுந்து, வெளிநாட்டில் நம் வாழ்க்கையும் அப்படித்தான் என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள். அதனால் நான் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அந்தச் சுவருக்கு நடந்ததைக் கேட்டால் வயிறு எரியும். மடத்துச் சாமியார்கள் சமையற்கட்டுக்கு வசதியாக வழி வேண்டுமென்று சுவரின் நடுவில் கதவை உயர்த்தி வெட்டினார்கள். மேசைக்குக் கீழே இருந்த இயேசுவின் பாதங்கள் போயே போய்விட்டன. சோறு சூடாக வரவேண்டும் என்பதற்காக ஆண்டவரின் காலை வெட்டியவர்கள் துறவிகள். பின்னால் வந்த பட்டாளத்துக்காரர்கள் அங்கே குதிரை கட்டினார்கள். உலகப் போரில் குண்டு விழுந்து கூரை இடிந்தது, மணல்மூட்டை அடுக்கியிருந்ததால் இந்தச் சுவர் மட்டும் நின்றது. பிறகு இருபது வருஷத்துக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்துச் சுரண்டிச் சுரண்டி, இந்த நூற்றாண்டு பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மறுபடி திறந்து வைத்தார்கள்.

பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்று எனக்குப் புதிதாகத் தெரிந்தது. பன்னிரண்டு பேரும் பதறுகிறார்கள், எழுகிறார்கள், கையை விரிக்கிறார்கள். இயேசு மட்டும் யாரையும் பார்க்கவில்லை. கண் தாழ்ந்திருக்கிறது. ஒத்திகையில் இதை ஞானராஜ் சாரிடம் சொன்னேன். நல்ல விஷயம் என்றார். ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், நடிப்பு வராது என்கிற பயம் இல்லை.

மூன்று ஒத்திகைக்கும் செல்வராசு வந்தான். மூன்றிலும் ஞானராஜ் சார் கடைசி நிமிஷத்தில் வந்து, உட்கார்ந்து, போன் வந்ததென்று எழுந்து போய்விட்டார். அவர் இடத்தில் ஒரு தலையணையை வைத்துத்தான் பழகினோம்.

5

விழா அன்று செல்வராசு டூட்டியிலிருந்து நேராக வந்தான். காலில் சேஃப்டி ஷூ. கழற்ற நேரமில்லை. மூலப்படத்தில் மேசைக்குக் கீழே கால்கள் தெரியும். எங்கள் மேசையில் நான் துணியைத் தரைவரை இறக்கிவிட்டேன். பதின்மூன்று பேரில் நான்கு பேர் அதே ஷூதான். ஒட்டுத்தாடியும் பச்சை நீலத் துணியும் போட்டதும் செல்வராசு கண்ணாடியை விட்டு நகரவில்லை. “நல்லாருக்கேன்லக்கா?” என்று நாலு தடவை கேட்டான். மேசையில் பேக்கரியிலிருந்து வாங்கி வந்த குபூஸ் ரொட்டிகளை அடுக்கியிருந்தோம். மைக்கை அந்தக் குபூஸ்களுக்குப் பின்னால் மறைத்து வைத்தது என் வேலை. பிறகு நடந்ததில் யாருக்கும் தெரியாமல் செல்வராசு எதையும் செய்யவில்லை. மைக் எங்கே இருக்கிறதென்று மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பங்குத்தந்தை, அவருக்குத் தமிழ் தெரியாது. பின்வரிசையில் கேம்பிலிருந்து செல்வராசுவோடு வந்த பத்துப் பன்னிரண்டு பேர், தலைவாரி, பவுடர் போட்டு, சட்டையை இன் பண்ணி உட்கார்ந்திருந்தார்கள். ஜெனி ஆங்கில எழுத்தில் இருந்த தமிழைத் தட்டுத் தடுமாறி வாசித்து முடித்தாள். திரை உயர்ந்தது.

பொய் சொல்லக்கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பின்னால் பிளெக்ஸில் அந்தக் கூடமும் ஜன்னல்களும். முன்னால் பதின்மூன்று பேர் கல்லாக இருந்தார்கள். பேதுரு என்கிற இராயப்பர் வேடக்காரர் செல்வராசுவின் முதுகுக்குப் பின்னால் கத்தியோடு குனிந்து நின்றார். என் வீட்டுக்காரரின் விரல் மட்டும் லேசாக ஆடியது. ஞானராஜ் சார் கையை விரித்து, ரொட்டியைப் பார்த்தபடி, உண்மையிலேயே சாந்தமாக இருந்தார். குழுவினர் பக்கத்து அறையிலிருந்து பாடினார்கள். பாட்டு முடிந்தது. இயேசு பேச வேண்டிய இடம்.

“சார்” என்றது ஸ்பீக்கர்.

நான் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு நொடி யார் பேசியது என்றே எனக்குப் புரியவில்லை.

“சார், எம் பாஸ்போர்ட்டு சார். வைகாசியில முகூர்த்தம் சார். ரெண்டு தபா தள்ளிப் போட்டாச்சு. இந்தத் தபா போவலன்னா அந்தப் பொண்ண வேற ஒருத்தனுக்குக் குடுத்துருவாங்க சார்.”

செல்வராசு அசையவில்லை. ஒத்திகையில் சொல்லிக் கொடுத்தபடியே முழங்கையை ஊன்றி, முகத்தைத் திருப்பி, ஞானராஜ் சாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு மட்டும் அசைந்தது. ஞானராஜ் சாரும் அசையவில்லை. அவர் எப்படி அசைவார்? அவர்தான் படம். கண்ணை ரொட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. ஒட்டுத்தலைமுடிக்குக் கீழே வியர்வை இறங்கி மீசையில் நின்றது.

“ஒரு மாசம் போதும் சார். தாலி கட்டிட்டு ஓடியாந்துர்றேன்.”

அப்போது தட்டுக்கு அருகே இருந்த செல்வராசுவின் கை நகர்ந்தது. அந்த ஓவியர் ஐந்நூறு வருஷமாகத் தொடாமல் வைத்திருந்த இரண்டு கைகளில் ஒன்று தட்டைத் தாண்டிப் போய் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டது.

பங்குத்தந்தை கைதட்டினார். பாவம், வசனம் என்று நினைத்துவிட்டார். அவர் தட்டியதும் முன்வரிசை தட்டியது. பின்வரிசையில் கேம்பு ஆட்கள் எழுந்தே விட்டார்கள். “சொல்லுங்க சார்!” என்று ஒரு குரல். “குடுத்து அனுப்புங்க சார்!” என்று இன்னொன்று. திரையை இறக்க வேண்டியவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

ஞானராஜ் சார் தலையை நிமிர்த்தினார். செல்வராசுவை நேராகப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, இவன் யார் என்று தேடுகிற முகம். பிறகு மைக்குக்குக் கேட்கும்படியே சொன்னார்.

“நாளைக்கு ஆபீசுக்கு வா.”

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. காட்டிக்கொடுப்பதைப் பற்றிய அந்த ஒரு வரியை யாரும் சொல்லவே இல்லை.

6

அன்று இரவு அருளப்பனோடு வீட்டுக்கு வந்தேன். கதவைச் சாத்தியதும், “மைக்கு அவ்வளவு பக்கத்துல எதுக்கு பிள்ளே வச்ச?” என்றார்.

“ரொட்டி அங்கதானே இருந்து.”

“நாளைக்கு நமக்கொரு ஆவசியம் வந்தா ஞானராஜ் சாரு மொகத்துல எப்பிடி முழிப்போம்?”

“அவரு முழிக்கட்டு முதல்ல” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

மறுநாள் செல்வராசு ஆபீசுக்குப் போனான். ஞானராஜ் சார் சொன்ன சொல் தவறவில்லை. அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தார். லீவு கிடையாது, விசாவைக் கேன்சல் பண்ணித்தான் தருவேன், ஒரு வழி டிக்கெட், திரும்பி வர முடியாதபடி பான் விழும், சம்மதமா என்று கேட்டார். செல்வராசு அதை என்னிடம் சொன்னபோது நான் கத்திவிட்டேன்.

“நீ என்னடா சொன்ன?”

“சரின்னுட்டேங்க்கா.”

“ஆறு வருஷ வேலைடா!”

“வேலைக்கு அப்புறம் பாக்கலாங்க்கா. பந்தலுக்கு இன்னமே நாளில்ல.”

போய்விட்டான். வைகாசியில் கல்யாணம் நடந்தது. மணையில் அவன்தான் உட்கார்ந்தான். இப்போது அரியலூரில் சிமென்ட் மூட்டை ஏற்றுகிறான்.

குழுவில் பேச்சு என்னவாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்பிட்டவருக்குத் துரோகம் செய்துவிட்டானாம். மேடை ஏற்றிய குழுவைச் சந்திசிரிக்க வைத்துவிட்டானாம். யூதாஸ் வேடம் அவனுக்கு எவ்வளவு பொருத்தம் பார்த்தீர்களா என்று மூன்று பேர் என்னிடமே சொன்னார்கள், ஏதோ தாங்களே கண்டுபிடித்த மாதிரி. அவனிடமிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அலமாரியில் வைத்தவர் யார் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. கொழுக்கட்டை அடைத்திருந்தது.

கிறிஸ்துமசுக்கு எல்லா வீட்டுக்கும் ஒரு பரிசு வந்தது. தங்க நிறச் சட்டம் போட்ட பெரிய போட்டோ, எங்கள் உயிருள்ள கடைசி இராவுணவு. கேமரா வைத்திருந்தவர் ஞானராஜ் சாரின் மைத்துனர். நன்றாக விழுந்தது ஒரே படம்தானாம். அதில் ஸ்டூடியோக்காரரை வைத்துச் செல்வராசுவை அழித்திருந்தார்கள். அவன் இருந்த இடத்தில் பிளெக்ஸின் சுவரும் மேசைத்துணியும் நீண்டு போயிருந்தன. இராயப்பர் ஒன்றுமில்லாத இடத்துக்குப் பின்னால் கத்தியோடு குனிந்து நின்றார். யூதாஸ் இல்லாத கடைசி இராவுணவு, இயேசுவைச் சுற்றிச் சுத்தமான பதினொரு யோக்கியர்கள். அப்படியென்றால் அத்தனை பேரும் எதற்காகப் பதறுகிறார்கள் என்று கேட்க அந்த முப்பது வீட்டில் ஆள் இல்லை.

ஸ்டூடியோக்காரரால் ஒன்றை மட்டும் அழிக்க முடியவில்லை. அந்தப் படம் எடுத்தது செல்வராசு கையைப் பிடித்த நேரம். அவன் விரல்களை அழித்தால் ஞானராஜ் சாரின் கையும் சேர்ந்து போயிருக்கும். ஆகவே நான்கு விரல்கள் இருந்தன. மணிக்கட்டு இல்லை, ஆள் இல்லை. இயேசுவின் கைமேல் நான்கு விரல்கள், ஒரு நகம் நசுங்கிக் கறுத்து. முப்பது வீட்டிலும் அந்தப் படம் தொங்குகிறது. அதற்குக் கீழே உட்கார்ந்து தினமும் சாப்பிடுகிறார்கள். அது யாருடைய விரல் என்று இதுவரை ஒருவர் கேட்டதில்லை.

பொங்கல் கழிந்து செல்வராசு போன் செய்தான். தன் வேடத்தைப் பற்றி ஊரெல்லாம் பீற்றியிருக்கிறான் போலிருக்கிறது. வீட்டில் ஒருவரும் நம்பவில்லை, ஒரு போட்டோ அனுப்புங்கள் என்றான். நான் மைத்துனரிடம் கேட்டேன். மற்றதெல்லாம் கேமராவில் அழித்துவிட்டேன் என்றார். ஸ்டூடியோவில் கேட்டேன். ஞானராஜ் சார் சொன்னால் தேடிப் பார்க்கிறேன் என்றார்கள். வேறு வழியில்லாமல் இருந்ததையே ஜெனியைக் கொண்டு ஸ்கேன் செய்து அனுப்பினேன். எழுத வந்த நாலு வரியையும் அழித்துவிட்டு வெறும் படத்தை மட்டும் அனுப்பினேன். இப்படி ஒன்றை அனுப்ப வேண்டியிருக்கிறதே என்று கூசியது. அவர்கள் அதைப் பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்ப்பார்கள், பக்கத்தில் அவன் பெண்டாட்டி நிற்பாள், என்ன சொல்லிச் சமாளிப்பான் என்று இரண்டு நாள் தூக்கமில்லை.

மூன்றாம் நாள் அவனே கூப்பிட்டான். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுக்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டான்.

“பாத்துட்டோங்க்கா. நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியல, நெசமாவே தேடுனேன். அவதான் கம்ப்யூட்டர்ல கைய வச்சுக் காட்டுனா. ‘இந்தா, இது ஒங்க வெரலு’ன்னா.”